அரை மில்லி

பாடலீஸ்வரன் குதிரை கேட்டு வந்தான்.
மூன்று போதும் என்றான், இருப்பதற்கு மேல் மூன்று.
சிப்காட்டில் இரண்டு ஷிஃப்ட் பார்த்த காசு
உறைக்குள் மருந்து நாற்றத்தோடு இருந்தது.

அதே காலை அஞ்சலாட்சியின் எக்ஸெல்லும்
மஞ்சக்குப்பத்துப் பட்டறை வாசலில் நின்றது.
பின்னால் ஐஸ் பெட்டி, ஓரத்தில் ஒழுகும் சங்கரா வாடை.
"வேகம் யாருக்கு வேணும்? துறைமுகத்துலருந்து
பண்ருட்டி வரைக்கும் எண்பது கிலோ.
கெளம்பும்போது மூச்சு வாங்குது. அதைப் பாரு."
அவள் கேட்டது மாடு.

மாட்டுக்குப் பெரிய வேலை இல்லை.
பின்சக்கரத்தில் நான்கு பல் கூடுதலாய் ஒரு ஸ்ப்ராக்கெட்,
அதற்கேற்ப செயினில் இரண்டு கண்ணி.
சைலன்சரில் அடைத்த கரியை எரித்துத் தட்டினேன்.
மதியத்துக்குள் ஓட்டிப் போனாள்.
அறுநூறு ரூபாயும் ஒரு கூறு காரப்பொடியும்.

குதிரைதான் இரவைக் கேட்டது.

சிலிண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
புகை வெளியேறும் வாசலின் மேல்விளிம்பு.
அதை உயர்த்தினால் சீக்கிரம் திறக்கும்,
மேல்சுற்றில் எஞ்சினுக்கு வெறி பிடிக்கும்,
கீழ்ச்சுற்றில் சொரணை போகும்.
ஒரு மில்லி என்று மார்க்கரால் கோடு போட்டேன்.
அரைவட்ட அரம். ஆறு இழுப்பு, ஒரு வெர்னியர்.
ஆறு இழுப்பு, ஒரு வெர்னியர்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
வெர்னியரைத் தேடச் சோம்பி,
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
கைக்கு அந்த நேரம் ஒரு ருசி இருந்தது, மறைப்பானேன்.

விடிந்து அளந்தால் ஒன்றரை.

சிந்திய பொடியை ஸ்பீக்கர் காந்தத்தால் வாரி
காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன்.
எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.
அவனிடம் சொல்லவும் இல்லை.

பதினோரு நாள் அவனுக்குத் திருவிழா.
சில்வர் பீச் ரோட்டில் வண்டி கத்தியது
பட்டறைக்குள் எனக்கே கேட்டது.
தேவனாம்பட்டினத்து நாய்கள் எழுந்து ஓடியதாம்.
"அண்ணே, கை வச்சா நீதான்" என்று
ஒரு பாட்டில் நன்னாரி வாங்கித் தந்தான்.

பன்னிரண்டாம் நாள் பின்சீட்டில் ஜோதிமலர்.
நர்சிங் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள், இரண்டு பை.
கெடிலம் பாலத்து ஏற்றத்தில் பஸ் நின்றது,
இவனும் நின்றான்.
அப்புறம் கிளம்பவில்லை.
கிளட்ச் தீய்ந்த நாற்றம், பின்னால் ஹாரன்.
பக்கத்தில் அஞ்சலாட்சி எண்பது கிலோவோடு
டுப்டுப்பென்று
திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனாளாம்.
ஜோதிமலர் இறங்கி நடந்தாள்.
பாலத்து உச்சியில் பைகளைக் கீழே வைத்துக் காத்திருந்தாள்.
"சிரிச்சாண்ணே" என்றான்.
வேறெதுவும் செய்யவில்லை அவள். அதுதான்.

எடுத்ததைத் திருப்பி வை என்றான்.
டப்பாவைக் கையில் கொடுத்தேன்.
காதோரம் குலுக்கினான். மணல் மாதிரி கேட்டது.
"இவ்ளோதானா?"
"இவ்ளோதான். இதுல அரை மில்லி என் தப்பு.
மீதி நீ கேட்டது."

இரும்பைக் கூட்ட என்னிடம் வழியில்லை.
அடியிலும் கழிக்கலாம், அவ்வளவுதான்.
சிலிண்டரை லேத்தில் பிடித்து
அடித்தளத்தை அரை மில்லி சீவினேன்.
வாசல் மொத்தமும் அந்த அளவு கீழே இறங்கியது.
மேலே பிஸ்டன் இடிக்காமலிருக்க
செம்புத் தகட்டில் கேஸ்கெட் வெட்டினேன்.
காசு கேட்கவில்லை. அவனும் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது ஓடுகிறது.
கோவேறு கழுதை என்று அவனே பேர் வைத்தான்.
ஜோதிமலரோடு பாலம் ஏறிவிடுகிறதாம்,
ஒரு பையை அவன் முன்னால் மாட்டிக்கொண்டால்.

ஐப்பசியில் பட்டறைக்குள் தண்ணீர் வந்தபோது
டப்பா மிதந்து வந்து காலில் இடித்தது.
மூடிக்குள் எப்படியோ உப்புக்காற்று போயிருக்கிறது.
பொடி சிவந்து ஒரே கட்டி.
குலுக்கினேன்.
சத்தம் வரவில்லை.